பிலோமினாவின் கணக்கைச் சரிபார்த்தவள்

பிலோமினா போய்விட்டாள் என்ற செய்தி வந்தபோது நான் வெள்ளவத்தையில் மிளகாய் திரிக்கிற மில்லில் நின்றுகொண்டிருந்தேன். அங்கே நிற்கிற எல்லோருமே தும்மிக்கொண்டும் கண்ணைத் துடைத்துக்கொண்டும்தான் நிற்பார்கள். அதனால் தொலைபேசியைப் பார்த்துவிட்டு நான் அழுததை யாரும் கவனிக்கவில்லை. செய்தி எங்கள் ஆராய்ச்சிப் பிரிவின் வட்ஸ்அப் குழுவில் வந்திருந்தது. அதற்குள் பலர் கைகூப்பும் படம் போட்டுவிட்டார்கள். நான் முதலில் செய்த காரியம் என்ன தெரியுமா? எனக்கு முன்னால் யார் யாருக்குத் தெரிந்திருக்கிறது என்று விரலால் மேலே தள்ளித் தள்ளிப் பார்த்தேன். அவளுடைய கணவர் அன்ரன் எனக்குத் தனியாக ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்று கோபம் வந்தது. "மிஸ், உங்கட தூள் ரெடி" என்று மில்காரர் இரண்டு தரம் கூப்பிட்டார். மூன்றாம் தரம்தான் என் காதில் விழுந்தது.

மறைந்தவரை 'அவர்' என்று எழுதுவதுதான் மரியாதை. கிட்டத்தட்ட முப்பது வருடம் பக்கத்து மேசையில் இருந்தவளை அப்படி எழுத எனக்குக் கை வரவில்லை. அவளை அறிந்த நீங்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கொட்டாஞ்சேனையில் நடந்த இறுதிச் சடங்குக்கு உங்களில் அநேகர் வந்திருந்தீர்கள். வெள்ளைக் கொடி கட்டிய வீதி முழுக்கச் சனம். ஒரு பக்கம் வைத்தியர்கள், ஒரு பக்கம் பச்சை டீசேர்ட் போட்ட இளம் பிள்ளைகள், கோயில் வாசலில் மட்டக்குளியிலிருந்து பஸ் பிடித்து வந்த பெண்கள். என்னுடைய சாவுக்கு இதில் பாதியாவது வருமா என்று நான் மனதுக்குள் கூட்டிக் கழித்துப் பார்த்தேன். வராது. பிறகு எங்கள் பிரிவின் தலைவராக இருந்த டொக்டர் எழுந்து, "பிலோமினாவுக்கு எதிரிகளே இல்லை" என்று பேசினார். நான் மூன்றாவது வரிசையில் இருந்தேன். பிழையான ஒரு கணக்கைக் கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டிருப்பது எங்கள் தொழிலில் குற்றம். அந்தக் குற்றத்தை நான் ஏற்கனவே ஒரு தடவை செய்தவள். இன்னொரு தடவை செய்ய மனமில்லாமல்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் தொழிலைத் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஒரு மருந்து வேலை செய்கிறதா, ஒரு நோய் யாருக்கு அதிகம் வருகிறது என்றெல்லாம் வைத்தியர்கள் விபரங்களைச் சேகரித்துக்கொண்டு வருவார்கள். அவற்றிலிருந்து விடை எடுப்பது புள்ளிவிபரவியலாளரின் வேலை. எங்கள் பிரிவில் ஒரு கட்டாய வழக்கம் இருந்தது. ஒவ்வொரு ஆய்வையும் இரண்டு பேர் தனித்தனியாகக் கணக்கிட வேண்டும். ஒருவர் முதலாள், மற்றவர் இரண்டாம் ஆள். ஒருவர் தாளை மற்றவர் பார்க்கக்கூடாது. முடிந்த பிறகு இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எண் எண்ணாக ஒப்பிடுவோம். இரண்டும் ஒத்துப்போனால்தான் முடிவு வெளியே போகும். ஒத்துப்போகாவிட்டால் யாருடையது பிழை என்று தேடுவோம். பிழை விட்டவர் மற்றவருக்குப் பிளேன்டீ ஊற்ற வேண்டும். அநேகமான ஆய்வுகளில் முதலாள் பிலோ. இரண்டாம் ஆள் நான்.

நானும் அவளும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். நான் வெள்ளவத்தை, நல்ல பள்ளிக்கூடம், பல்கலைக்கழகத்தில் முதல் வகுப்பு. அவள் கொட்டாஞ்சேனை. தகப்பன் துறைமுகத்தில் கப்பலிலிருந்து இறங்கும் மூட்டைகளை எண்ணிக் குறிக்கிறவர். அவளுக்கு முதல் வகுப்பு வரவில்லை. இதை நான் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன் என்று எனக்கே நினைவில்லை. ஆனால் வைத்தியர்கள் கோப்போடு கதவைத் திறந்து உள்ளே வந்தால், என் மேசையைத் தாண்டி அவள் மேசைக்குத்தான் போவார்கள். என்னிடம் வருகிறவர்கள் "பிலோ மிஸ் இல்லையா?" என்று கேட்கத்தான் வருவார்கள்.

ஏன் என்று எனக்கு விளங்கிய நாள் ஒன்று உண்டு. நீரிழிவு மருந்து ஒன்றைப் பற்றிய ஆய்வு. பாதியில் கிளினிக்குக்கு வராமல் நின்றுபோன நோயாளிகளை நான் ஒதுக்கிவிட்டு, மிச்சப் பேரை வைத்து அழகாகக் கணக்கை முடித்திருந்தேன். பிலோ அதற்குச் சம்மதிக்கவில்லை. "வராதவனையும் எண்ணு வசந்தி. அவன்தான் உண்மையச் சொல்லுவான்" என்றாள். சொன்னதோடு நிற்கவில்லை. கிளினிக் தாதியையும் கூட்டிக்கொண்டு மட்டக்குளிக்குப் போய், வராதவர்களைத் தேடினாள். நானும் கூடப் போனேன், அவள் என்ன செய்கிறாள் என்று பார்ப்பதற்காக. மூட்டை தூக்கும் ஒருவர் வீட்டு வாசலில் வைத்தே சொன்னார்: "அந்தக் குளிசை போட்டா தலை சுத்துது மிஸ். தலை சுத்தினா மூட்டையோட விழுந்திருவன். நான் எப்பிடி வாறது?" இன்னும் சிலர் அதையே சொன்னார்கள். வெளியே காத்து நின்ற முச்சக்கரவண்டி ஓட்டுநரை, "அய்யே, பொட்டக் இன்ன" என்று சிங்களத்தில் இன்னும் கொஞ்சம் நிற்கச் சொல்லிவிட்டு அவள் அடுத்த வீட்டுப் படியேறினாள். மருந்துதான் அவர்களை வரவிடாமல் செய்திருந்தது. என்னுடைய அழகான கணக்கு அதை மறைத்திருந்தது. அடுத்த நாள் கூட்டத்தில் டொக்டர் எல்லோருக்கும் முன்னால் அவளைப் பாராட்டினார். நான் கழிவறைக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டு அழுதேன். பிழை விட்டதற்காக இல்லை, அவளுக்குப் பாராட்டுக் கிடைத்ததற்காக.

அன்றிலிருந்து அவளுடைய தாள்களை நான் பார்த்த பார்வை வேறு. தலைவலி, காய்ச்சல், வீட்டில் விருந்தினர், எதுவானாலும் பிலோவின் கணக்கு கைக்கு வந்தால் எனக்குப் பசி தெரியாது. ஒரு புள்ளி இடம் மாறியிருந்தாலும் பிடித்துவிடுவேன். பிடித்துவிட்டால் அன்று முழுக்க எனக்குச் சந்தோஷம். அவள் எழும்பிப் போய்த் தேநீர் ஊற்றிக்கொண்டு வந்து, "இந்தா, குடி. முகத்தைப் பார், கலியாணப் பொம்பிளை மாதிரி" என்பாள்.

காலநிலைப் போராட்டத்துக்குள் அவள் போனது பிற்பாடு. மட்டக்குளியில் அவளுடைய மாமி வீட்டுக்குள் வெள்ளம் வந்தது. தண்ணீர் வடிந்த பிறகு சேற்றை அள்ளப் போனவள் அங்கிருந்து வேறு ஆளாகத் திரும்பினாள். சனிக்கிழமை பின்னேரங்களில் அட்டைப் பலகை பிடித்துக்கொண்டு வீதியோரம் நிற்கத் தொடங்கினாள். ஆரம்பத்தில் அவளும் அன்ரனும் இன்னும் நாலைந்து பேரும்தான். பிறகு வெள்ளவத்தைக் கடற்கரைக்கே வந்து நின்றார்கள். என் வீட்டிலிருந்து பார்த்தால் தெரிகிற தூரம். எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம்தான். இனி இவளை விஞ்ஞானி என்று யார் மதிக்கப்போகிறார்கள் என்று நினைத்தேன். "நீ ஆராய்ச்சிக்காரியா, ஊர்வலக்காரியா? ஒண்டை முடிவு பண்ணு" என்று நேரேயே கேட்டேன். அவள் கோபிக்கவில்லை. "எண்ணுறதும் நான்தான், கத்துறதும் நான்தான். ஆனா கத்துறதுக்காக எண்ண மாட்டன்" என்றாள். வாயால் சொல்வது சுகம், ஒரு நாளைக்கு மாட்டுப்படுவாய் என்று நான் மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

நான் எதிர்பார்த்தது நடக்கவில்லை. அவளுக்கு மதிப்புக் கூடியது. தொலைக்காட்சியில் பேசினாள். என் மாமியார் அதைப் பார்த்துவிட்டு, "இது உம்மோட வேலை செய்யிற பிள்ளையெல்லே? என்ன வடிவாக் கதைக்குது!" என்றார். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். என்னால் பொறுக்க முடியாமல் போனது என் மகள் தாரணியின் விஷயம். பல்கலைக்கழகத்தில் படிக்கிற பிள்ளை, என்னோடு சேர்ந்து கடைக்கு வரக்கூடச் சலித்துக்கொள்கிறவள், சனிக்கிழமைகளில் பச்சை டீசேர்ட் போட்டுக்கொண்டு பிலோவுக்குப் பக்கத்தில் போய் நின்றாள். ஒரு நாள் சாப்பாட்டு மேசையில் கேட்டாள்: "அம்மா, நீங்களும் பிலோ அன்ரியும் ஒரே வேலைதானே? நீங்கள் ஏன் ஒண்டுக்கும் வெளியில வாறேல்லை?" அன்று பிலோவை நான் மனதார வெறுத்தேன். இதை இதைவிட மென்மையாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

இனி அந்தக் குற்றத்துக்கு வருகிறேன்.

மட்டக்குளியில் தகரமும் அஸ்பெஸ்டஸும் போட்ட வீடுகளுக்குள் வெக்கை எவ்வளவு என்று யாரும் அளந்ததில்லை. பிலோ அங்குள்ள பெண்களுக்கு ஆளுக்கொரு வெப்பமானியும் ஒரு பள்ளிக்கூடக் கொப்பியும் கொடுத்தாள். ஒரு நாளைக்கு மூன்று தரம் வீட்டுச் சூட்டை எழுத வேண்டும். வீட்டில் யாருக்காவது சுகமில்லாமல் வந்தால் அதையும் எழுத வேண்டும். சில மாதங்கள் போன பின் கொப்பிகளைக் கொம்பியூட்டரில் ஏற்றிப் படம் வரைந்தாள். கொட்டாஞ்சேனை மண்டபம் ஒன்றில் ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் அதிகாரிகளை அழைத்து அந்தப் படத்தைக் காட்டுவதாக ஏற்பாடு. இது எங்கள் பிரிவின் வேலை இல்லை, அவளுடைய சொந்த வேலை. இருந்தாலும் செவ்வாய்க்கிழமை கோப்பை என்னிடம் கொண்டுவந்து தந்தாள். "வெள்ளிக்கு முதல் ஒருக்காப் பார் வசந்தி. நீ பாத்தாத்தான் எனக்கு நிம்மதி."

பார்த்தேன். பிழையைக் கண்டுபிடிக்க அதிக நேரம் எடுக்கவில்லை. எங்கள் தொழிலில், கேட்ட விடை கிடைக்காத இடத்தை வெறுமையாக விடாமல் 99 என்று அடிக்கிற பழக்கம் உண்டு. பிறகு கணக்கிடும்போது, 99 என்றால் விடை இல்லை என்று கொம்பியூட்டருக்குச் சொல்லிவிட வேண்டும். கொப்பியில் எழுதாமல் விட்ட நாட்களுக்கெல்லாம் 99 அடித்த பிலோ, அதைச் சொல்ல மறந்திருந்தாள். எழுதாத நாள் ஒவ்வொன்றையும் கொம்பியூட்டர் தண்ணீர் கொதிக்கிற தொண்ணூற்றொன்பது பாகை வெக்கையாக எடுத்துச் சராசரியில் சேர்த்துக்கொண்டது. இதில் இன்னொன்று. பெண்கள் எந்த நாளில் எழுதாமல் விடுவார்கள்? வீட்டில் யாருக்காவது சுகமில்லாமல் ஆஸ்பத்திரிக்கு ஓடுகிற நாளில். நோயைத் திரும்பி வந்து எழுதிவிடுவார்கள், தவறிப்போன சூட்டை எழுத முடியாது. ஆகவே நோய் வந்த நாட்களிலெல்லாம் படத்தில் சூடும் ஏறியிருந்தது. இரண்டு கோடுகளும் கைகோத்துக்கொண்டு மேலே போயின. அவள் நிரூபிக்க விரும்பியது எதுவோ அது அப்படியே நிரூபணமாகியிருந்தது. வராதவர்களை எண்ணு என்று எனக்குப் படிப்பித்தவள், வராதவர்களை எண்ணுவதிலேயே கவிழ்ந்திருந்தாள். நான் கதிரையில் சாய்ந்து உட்கார்ந்து சிரித்தேன்.

புதன்கிழமை தொலைபேசியில் கேட்டாள்: "பாத்தனியா?"

"நேரமில்லை பிலோ. இங்க வேலை கூட" என்றேன்.

வியாழக்கிழமை நடைபாதையில் நின்று கேட்டாள். "இன்னும் இல்லை. குறை நினைக்காத" என்றேன். அவள் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "சரி, பரவாயில்லை" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

வெள்ளிக்கிழமை நல்ல சேலை ஒன்றைக் கட்டிக்கொண்டு கொட்டாஞ்சேனைக்குப் போனேன். கேள்வி நேரத்தில் எழுந்து, "விடுபட்ட நாட்களை எப்படிக் கணக்கில் எடுத்தீர்கள்?" என்று மரியாதையாகக் கேட்பதுதான் என் திட்டம். வழி முழுக்க அந்த ஒரு வசனத்தைச் சொல்லிப் பார்த்துக்கொண்டு போனேன். முன்வரிசையில் என் மகள் இருந்தாள். மண்டபம் நிறைய மட்டக்குளிப் பெண்கள் கொப்பிகளை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார்கள். அவர்கள் மாதக்கணக்காக எழுதியதெல்லாம் அதோடு கேலிக்கூத்தாகிவிடும் என்று எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் இருந்தேன்.

பிலோ எழுந்தாள். "நான் கொண்டு வந்த படத்தை இண்டைக்குக் காட்டப்போறதில்லை. அதில பிழை இருக்கு. அது என்ர பிழை, கொப்பி எழுதின ஆக்களின்ர பிழையில்லை" என்றாள். அந்த 99 விஷயத்தை, படிக்காதவர்களுக்கும் விளங்குகிற மாதிரிச் சொன்னாள். அதைத் திருத்திய பிறகு தான் நினைத்த மாதிரிக் கோடு ஏறவில்லை என்பதையும் ஒளிக்கவில்லை. ஒரு பெண் எழும்பி, "அப்ப எங்கட வீட்டில சூடு இல்லையா மிஸ்?" என்று கேட்டார்.

"சூடு இருக்கு அக்கா. கொப்பியில இன்னும் வரேல்லை. இன்னும் எழுதுவம்" என்றாள் பிலோ.

வந்திருந்த அதிகாரிகளில் ஒருவர் எழுந்து போய் அவளுக்குக் கைகொடுத்தார். தாரணி என்னைத் திரும்பிப் பார்த்துக் கண் நிறையச் சிரித்தாள், பார்த்தீர்களா அம்மா என்கிற மாதிரி. விழுந்த இடத்திலும் அவளுக்குத்தான் மதிப்பு. நான் மனப்பாடம் பண்ணிய கேள்வியோடு வீட்டுக்கு வந்தேன்.

பெண்கள் எழுதிக்கொண்டே இருந்தார்கள். பிலோ வேலை செய்துகொண்டும் கத்திக்கொண்டும் இருந்தாள். நாங்கள் தொடர்ந்து எண்களை ஒப்பிட்டோம், தேநீர் குடித்தோம். அந்த வெள்ளிக்கிழமையைப் பற்றி இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. பிறகு அவள் நோயில் விழுந்தாள். என்ன வருத்தம், எவ்வளவு காலம் என்பதை நம் வைத்தியர்கள் அவளிடம் ஒளிக்கவில்லை. ஒளிக்கவும் முடியாது, அந்த எண்களை அவளே எத்தனையோ தரம் கணக்கிட்டவள்.

கடைசியாக நான் போய்ப் பார்த்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்த நேரம். அன்ரன் கஞ்சி வைக்கக் குசினிக்குள் போயிருந்தார். இனி விட்டால் சொல்ல முடியாது என்று நினைத்தேன். "பிலோ, அந்த 99 எனக்குத் தெரியும். செவ்வாய்க்கிழமையே கண்டிட்டன். வேணுமெண்டுதான் சொல்லேல்லை" என்றேன்.

"தெரியும்" என்றாள்.

"என்ன தெரியும்?"

"நீ கண்டிட்டாய் எண்டு." அவளுக்குச் சிரிப்பு வந்தது, சிரிக்கப்போய் இருமினாள். தண்ணீர் கொடுத்தேன். "இத்தினை வருசத்தில என்ர ஃபைலைப் பாக்க உனக்கு நேரமில்லாமப் போனது அந்த ஒருக்காத்தான். என்ர பிழையைத் தேடுறதெண்டா நீ சாப்பாட்டையும் விட்டிட்டு வாற ஆள். நீ ரெண்டாந்தரமும் நேரமில்லை எண்டவுடன எனக்கு விளங்கீட்டுது. ஏதோ பெரிசாக் கிடக்கு எண்டு வியாழக்கிழமை வீட்ட வந்து முழுக்கப் பிரிச்சுப் பாத்தனான்."

"கோவம் வரேல்லையா?" என்று கேட்டேன்.

"வந்தது. உன்னைப் பிடிச்சு நாலு சாத்துச் சாத்தவேணும் போல இருந்தது. பிறகு யோசிச்சன். அந்தப் படத்தை அன்ரனுக்குக் காட்டினனான், சூப்பர் எண்டார். பச்சை டீசேர்ட்டுப் பிள்ளையளுக்குக் காட்டினனான், உன்ர மகளும் சூப்பர் எண்டாள். பாசமாப் பாக்கிற ஆக்களுக்குப் பிழை தெரியாது வசந்தி. உனக்கு மட்டுந்தான் தெரிஞ்சது." கொஞ்சம் மூச்சு வாங்கிவிட்டு, "அடுத்த முறையெண்டா வாயத் திறந்து சொல்லு, என்ன?" என்றாள். அடுத்த முறை இல்லை என்பது எங்கள் இருவருக்கும் தெரியும்.

கட்டிலுக்குக் கீழே இருந்த பெட்டியைக் காட்டினாள். மட்டக்குளிக் கொப்பிகள். அந்தப் பெண்கள் விடாமல் எழுதிய எல்லாம் அதற்குள் இருந்தன. "என்னால இனி ஏலாது. இதில நீதான் முதலாள்" என்றாள். முப்பது வருடமாக நான் ஆசைப்பட்ட இடம். அதை அவளிடமிருந்து அப்படி வாங்கிக்கொண்டு வருவேன் என்று நினைக்கவில்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு படியிறங்கும்போதுதான் அழுதேன். அன்று மிளகாய்த் தூள் எதுவும் கிட்ட இல்லை.

அவளை அடக்கம் பண்ணிய பிறகு அந்தக் கணக்கை முடித்தேன். விடுபட்ட நாள் ஒவ்வொன்றையும் கொப்பியோடு வைத்துப் பார்த்தேன். விடை என்ன என்று உங்களில் பலர் கேட்டீர்கள், மட்டக்குளிப் பெண்கள் வீடு தேடி வந்து கேட்டார்கள். இங்கே சொல்லமாட்டேன். அதை இன்னும் இரண்டாம் ஆள் பார்க்கவில்லை. தாரணிக்குக் காட்டினேன். "சூப்பர் அம்மா" என்று என்னைக் கட்டிப்பிடித்தாள். அவள் என்னைக் கட்டிப்பிடித்து எத்தனையோ நாள். ஆனால் அது சரிபார்ப்பு இல்லை. பிரிவில் என்னோடு நல்லமாதிரி இருக்கிற இன்னொருவரும் அதையேதான் சொன்னார்.

பிலோவிடமிருந்து எனக்கு மிஞ்சியது அவளுடைய துணிச்சல் இல்லை, அது என்னிடம் ஒருநாளும் வராது. அவளை நேசித்த உங்களிடம் இருப்பது போன்ற இனிமையான நினைவுகளும் என்னிடம் அதிகம் இல்லை. யாரிடம் கொடுத்துச் சரிபார்க்க வேண்டும் என்பது மட்டும் தெரியும். எங்கள் பிரிவில் ஷர்மிளா என்று ஒருவர் இருக்கிறார். அவருக்கு வரவேண்டிய பதவி உயர்வு எனக்குக் கிடைத்த நாளிலிருந்து அவருக்கு என்னைக் கண்ணில் காட்ட ஏலாது. என் அறிக்கைகளில் கால்புள்ளி பிசகினாலும் கண்டுபிடித்து எல்லோருக்கும் காட்டுவார். நாளைக் காலை அந்தக் கோப்பைக் கொண்டுபோய் அவருடைய மேசையில் வைக்கப்போகிறேன். நேரமில்லை என்று அவர் சொன்னால், வீட்டுக்கு வந்து பெட்டியைத் திறந்து, முதல் கொப்பியிலிருந்து மறுபடி தொடங்குவேன்.